வயிற்றுக் கோளாறும் ஓயாத அசதியும்



கைவைத்தியம் தெரியாத வீடு தோட்டப்புறத்தில் இல்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்தால் பாதி மருந்துக்கடை அதற்குள் இருக்கிறது. சீரகம், ஓமம், சோம்பு, மிளகு, பெருங்காயம், சுக்கு ஆகியவற்றின் குணம் நம் பாட்டிமார் கப்பலேறி வந்தபோது கூடவே கொண்டுவந்த அறிவு. அதை இகழ்ந்து பேச நாங்கள் வரவில்லை. ஆனால் கைவைத்தியத்துக்கு எது அடங்கும், எது அடங்காது என்ற எல்லை ஒன்று இருக்கிறது. கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் வரையில் உள்ள தோட்டங்களில், இப்போது அந்த எல்லை மங்கிக்கொண்டு வருகிறது. இரவுச் சந்தையிலும் கைத்தொலைபேசி வழியாகவும் "இயற்கை மருந்து" என்ற பெயரில் பொட்டலங்கள் வீடு தேடி வருகின்றன. வயிற்றுக்கும் அதுவே, அசதிக்கும் அதுவே என்கிறார்கள்.

முதலில் வயிற்றைக் கவனிப்போம். பயறு, பருப்பு, மொச்சை சாப்பிட்டால் வாயு சேர்வது ஏன்? அவற்றில் நம் குடலால் செரிக்க முடியாத சில சர்க்கரைச் சத்துகள் உள்ளன. அவை பெருங்குடலுக்குப் போய், அங்கே வாழும் கிருமிகளால் புளித்து, காற்றாக மாறுகின்றன. பயற்றை இரவெல்லாம் ஊறவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டு வேறு நீரில் வேகவைத்தால் இந்தச் சத்துகளில் ஒரு பகுதி நீங்கிவிடும். சீரகத் தண்ணீரும் ஓமத் தண்ணீரும் சிறு பொருமலுக்கு இதமாக இருக்கும். பெரியவர்கள் குடிப்பதில் தவறில்லை. கருவுற்ற தாய்மாரின் குமட்டலுக்கு இஞ்சி பயன்படுவதை மருத்துவ ஆய்வுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. இவையெல்லாம் கைவைத்தியத்துக்கு அடங்குபவை.

பால் குடித்தவுடன் வயிறு இரைந்து கழிச்சலாகும் பெரியவர்கள் நம்மில் பலர். இது நோய் அன்று. குழந்தைப் பருவத்தில் பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் ஒரு சுரப்பு, பால்குடி மறந்தபின் ஆசிய மக்களில் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்டவர்களுக்கு மோரும் தயிரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறை ஊற்றும்போது பால் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகளே தின்றுவிடுவதுதான் காரணம். இதற்கு மருந்துப் பொட்டலம் தேவையில்லை. பாலைக் குறைத்து மோரைக் கூட்டினால் போதும். டின் பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1939ஆம் ஆண்டில் "பாலும் கொலையும்" என்று தலைப்பிட்டே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கச் சொன்ன விளம்பரங்களை அவர் அப்படிக் கண்டித்தார். டின் பால் கோப்பிக்கு ஆகலாம். பச்சைக் குழந்தைக்கு ஒருநாளும் ஆகாது.

ஒத்துக்கொள்ளாமை வேறு, ஒவ்வாமை வேறு. இறால் சாப்பிட்ட சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இளைத்தால் அது ஒவ்வாமை. மிளகுக் கஷாயம் காய்ச்சிக் கொண்டிருக்கும் நேரமல்ல அது. அந்த நிமிடமே வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கழிச்சலுக்கு வருவோம். கழிச்சலில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கிருமியன்று; உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்புமே. 1971ஆம் ஆண்டு வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துவிட்டது. டாக்டர் திலீப் மகலனோபிஸ், உப்பும் குளுக்கோஸ் சர்க்கரையும் கலந்த தண்ணீரை உறவினர்களிடமே கொடுத்து, நோயாளிகளுக்கு ஓயாமல் புகட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் அளவில் மாண்டுகொண்டிருந்த இடத்தில் சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவாக இறங்கியது. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில், தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்தால் அந்த மருந்து நம் அடுப்படியிலேயே தயார். அளவு முக்கியம், உப்பு கூடினால் குழந்தைக்குத் தீங்கு. உப்பிட்ட நீர்க்கஞ்சியும் நல்லதே. நம் பாட்டி கொடுத்த கஞ்சியை மருத்துவ உலகம் பின்னாளில் ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. கழிச்சலாகிறதே என்று தாய்ப்பாலை நிறுத்தும் வழக்கத்தை மட்டும் நாம் கைவிட வேண்டும்.

பாட்டி சொன்னதெல்லாம் சரிதானா? இல்லை, தாய்மார்களே. வசம்பைச் சுட்டு உரைத்துக் குழந்தையின் நாக்கில் தடவுகிறோம். அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் வைத்திருக்கிறோம். அதில் உள்ள ஒரு பொருள் எலிகளுக்குக் கட்டியை உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்க அரசு 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பு தின்ற குழந்தைகள் வாந்தியெடுத்து மருத்துவமனைக்குப் போவதும் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனும் கூடாது. ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும். வயிற்றுவலி என்றவுடன் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்கும் பழக்கமும் ஆபத்தானது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கினால் அது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அப்போது பேதி மருந்து கொடுத்தால் குடல்வால் வெடித்துவிடக்கூடும்.

தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கும் கேஸ்திரிக் என்று ஒன்று இருக்கிறது. விடியுமுன் வெறும் கோப்பியோடு வேலைக்குப் போகிறோம், நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை, அதனால் வருகிறது என்று நாமே காரணமும் சொல்லிக்கொள்கிறோம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர், இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் ஒரு கிருமியே காரணம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, நோயை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் இந்தக் கிருமி மலாய்க்காரர்களைவிட இந்தியரிடம் அதிகம் காணப்படுகிறது. இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு அது ஒழிந்துவிடும். இருபது ஆண்டுகளாகச் சோற்றுக்கற்றாழையும் வெந்தயமும் சாப்பிட்டு வலியை அடக்கி வருபவர், ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து பார்க்கவேண்டாமா? மலம் தார்போலக் கறுத்துப் போனால், உள்ளே இரத்தம் கசிகிறது என்று பொருள். சம்சு குடிப்பவர்களும், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குபவர்களும் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

இனி அசதி. காலையில் எழும்போதே கை கால் ஓய்ந்து கிடக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, எதிலும் பிடிப்பில்லை என்று சொல்லும் தாய்மார்களை நாங்கள் பள்ளி வாசலில் அடிக்கடி பார்க்கிறோம். இதற்கு அண்மைக் காலத்தில் ஒரு புதுப்பெயர் வந்திருக்கிறது: அட்ரினல் சோர்வு. சிறுநீரகத்தின் உச்சியில் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, கவலையாலும் உழைப்பாலும் களைத்துப் போய்விடுகிறதாம். அதற்கு மூலிகைப் பொடி விற்கிறார்கள். இந்தப் பெயரைக் கிளப்பியவர் ஓர் அமெரிக்கர், ஆண்டு 1998. 2016இல் 58 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த மருத்துவர்கள், அப்படி ஒரு நோய் இருப்பதற்குச் சான்றே இல்லை என்று முடிவு கட்டினார்கள். அந்தச் சுரப்பி உண்மையிலேயே பழுதாகும் நோய் ஒன்று உண்டு. 1855இல் தாமஸ் அடிசன் என்ற ஆங்கில மருத்துவர் அதை விவரித்தார். அது அரிதானது, இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், பொடிக்கு அடங்காது.

சுரப்பி களைக்கவில்லை என்பதால் அந்தத் தாயின் அசதி பொய்யாகிவிடுமா? ஆகாது. இங்கேதான் நம் தோட்டங்களின் பழைய வரலாற்றைச் சொல்லவேண்டும். தோட்டத் தொழிலாளியைச் சோம்பேறி என்று துரைமார் ஏசிய காலம் ஒன்று இருந்தது. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்கஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய டாக்டர் சாமுவேல் டார்லிங் குழுவினர், மலாயாவிலும் சாவகத்திலும் பீஜியிலும் கொக்கிப்புழுவை ஆராய்ந்தார்கள். மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோல் வழியே நுழையும் இந்தப் புழு, குடலில் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. சோம்பல் என்று பெயர் வாங்கியது இரத்தமின்மை! அந்த நாளில் அதற்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று ஒரு செடியிலிருந்து வடித்த எண்ணெய்தான். சுத்தமான இயற்கை மருந்து. புழுவையும் கொன்றது, அளவு மீறியபோது ஆளையும் கொன்றது. ஆகவே செடியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு மருந்து சாதுவாகிவிடாது. இன்று பூச்சி மாத்திரை எளிதில் கிடைக்கிறது.

இன்னொரு கதையில் நம் சமையலறை வென்றது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள், கால் மரத்து, நெஞ்சு அடைத்து, பெரிபெரி என்ற நோயால் ஏராளமாக மாண்டார்கள். தமிழர்களை அது அவ்வளவாக அண்டவில்லை. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் பிளெட்சர், ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் நோய்ப்பட்டார்கள், சிலர் இறந்தும் போனார்கள். புழுங்கல் அரிசி உண்டவர்கள் தப்பினார்கள். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இன்று வெள்ளை வெளேர் என்று அரிசி தேடும் நம் வீடுகள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இன்றைய அசதிக்கு முதல் காரணமாகச் சந்தேகிக்க வேண்டியது இரத்தச் சோகை. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு அது இருந்தது. முருங்கைக்கீரையும் நெத்திலியும் நல்ல உணவு. நம் கடற்கரையில் கிடைக்கும் கெராங்கில் இரும்புச் சத்து மிகுதி. ஆனால் அரைவேக்காட்டில் தின்றால் கழிச்சலும் மஞ்சள் காமாலையும் வரும், நன்றாக வேகவைக்க வேண்டும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் நன்றாகச் சேரும். அடுத்த காரணம் நீரிழிவு. அதே ஆய்வில், பெரியவர்களான இந்தியர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு அது இருந்தது. எல்லா இனத்தவரிலும் அதிகம். தைராய்டுக் குறைவு, காசநோய், மனச்சோர்வு ஆகியவையும் அசதியாகவே தலைகாட்டும். இவற்றில் எதையும் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

மிகவும் கவலை தரும் செய்தி ஒன்று உண்டு. அசதிக்கும் மூட்டுவலிக்கும் என்று விற்கப்படும் சில ஜாமுப் பொட்டலங்களிலும் மூலிகைக் காப்பிப் பொடிகளிலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தை இரகசியமாகக் கலந்திருப்பதை, நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. சாப்பிட்ட சில நாளில் வலி பறந்துவிடும், பசி எடுக்கும், உடம்பில் தெம்பு ஏறும். "என்ன அருமையான மருந்து!" என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். பிறகு முகம் நிலாப்போல் உப்பும், இரத்தத்தில் சர்க்கரை ஏறும், இரைப்பையில் புண் வரும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டு உறங்கிப்போகும். திடீரென்று பொடியை நிறுத்தினால் வாந்தி, மயக்கம், இரத்த அழுத்தம் விழுதல், உயிராபத்து. இல்லாத அட்ரினல் நோய்க்கு மருந்து வாங்கப் போய், உண்மையான அட்ரினல் நோயைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பாரம்பரிய மருந்துகளையும் 1992 முதல் நம் அரசு பதிவு செய்து வருகிறது. பதிவான மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கங்களும், பாரம்பரிய மருந்தானால் டி என்ற எழுத்தும் இருக்கும். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் இதைக் காட்டியிருக்கிறோம். அந்த எண்ணைப் போலியாக அச்சிடுபவர்களும் உண்டு. ஆகவே இரண்டு நாளில் அதிசயம் செய்யும் பொடி எதுவானாலும் சந்தேகப்படுங்கள்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஒருநாள் கூலி போய்விடுமே என்ற அச்சம் எங்களுக்கும் புரிகிறது. மருத்துவர் விடுப்புச் சீட்டு கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி ஆண்டுக்குக் குறைந்தது 14 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் அசதி நீடித்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ போய், இரத்தத்தின் அளவையும் சர்க்கரையையும் சோதிக்கும்படி கேளுங்கள். ஏற்கெனவே பொடி சாப்பிட்டு வருகிறவர்கள் வீட்டிலேயே அதைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். பொட்டலத்தை, காலியான உறையாக இருந்தாலும், கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் திட்டுவாரோ என்று மறைக்கவேண்டாம். எவ்வளவு காலமாகச் சாப்பிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் மருந்தைப் படிப்படியாகக் குறைத்து, உறங்கிய சுரப்பியை எழுப்ப அவரால் முடியும்.