சொன்னால் போதாது, கண்ணாடியைக் காட்டுங்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: மக்களிடம் பல் நலத்தை வளர்க்கப் பெரிதும் துணை செய்வது எடுத்துச் சொல்வதா? செய்து காட்டுவதா? ‘செய்து காட்டுவதே’ என்னும் அணியில் ஆற்றிய உரை.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எதிரணியிலே பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிற நண்பர்களே! (சிரிப்பு) இந்த அரங்கத்திலும் அவரவர் வீட்டுக் கூடத்திலும் அமர்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, பிள்ளைகளே!

எனக்கு முன்னாலே பேசிய அம்மையார் ரொம்ப அழகாச் சொன்னாங்க. ஆலங்குச்சி, வேலங்குச்சி பற்றிப் பழமொழி சொல்லித்தானே நம்ம முன்னோர்கள் பல்லைக் காத்தாங்க? விடியற்காலையிலே குச்சியாலே பல் துலக்கணும்னு ஆசாரக்கோவை சொல்லலையா? எல்லாம் சொல்லித்தானே வந்ததுன்னு கேட்டாங்க. நானும் தமிழ் படிச்சவன், மறுக்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். எந்தப் பையன் ஆசாரக்கோவையைப் புரட்டிப் பார்த்துவிட்டு வேப்பங்குச்சியை ஒடிச்சான்? வாய்க்கால் கரையிலே தாத்தா குச்சியை ஒடிச்சார். நுனியை மென்னு நார் நாராக்கினார். தேய்ச்சார். பக்கத்திலே பேரன் நின்னு பார்த்தான். பார்த்தான், செய்தான். அவ்வளவுதான்! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, எங்க ஊர்ச் சந்தையிலே ஒருத்தர் கடை விரிச்சிருப்பார். பல்வலின்னு போனால், கண்டங்கத்திரி விதையை நெருப்பிலே போட்டு வாயிலே புகை பிடிக்கச் சொல்வார். கொஞ்ச நேரம் கழிச்சு, “இந்தா பாரு, உன் பல்லிலே இருந்த பூச்சி!” என்று இலையிலே எடுத்துக் காட்டுவார். உண்மையிலே பல்லிலே பூச்சி கிடையாது. வாயிலே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் நாம் தின்கிற சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் எனாமலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்குது. அதுதான் சொத்தை. டாக்டர்கள் இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு. ஆனா சனங்க யாரை நம்பினாங்க? சொன்னவரை அல்ல, காட்டினவரை! பொய்யைக் காட்டினாலே நம்புகிற மக்கள், மெய்யைக் காட்டினால் நம்ப மாட்டார்களா? (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர் விளம்பரத்தைப் பற்றிச் சொன்னார். ஐயா, அது எங்க கட்சிக்குச் சாட்சி! விளம்பரத்திலே பிரஷ் முழுக்க, அலை அலையாப் பேஸ்ட் பிதுக்குறாங்க. பார்க்கிற நாலு வயசுப் பிள்ளையும் அப்படியே பிதுக்குது. மூன்று வயதுக்குள்ளே ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு போதும். பேஸ்ட்டிலே இருக்கிற ஃபுளோரைடு அளவோடு இருந்தால் பல்லுக்குக் காவல். பல் வளர்கிற வயசிலே மிதமிஞ்சி உள்ளே போனால் பல்லிலே கறை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரிலே அந்தச் சத்து அதிகமாப் போய்த்தான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே தேவைப்பட்டது. பேஸ்ட் அட்டைப்பெட்டியிலே அளவெல்லாம் எழுதித்தான் இருக்கு. யார் படிச்சா? எல்லாரும் படத்தைத்தான் பார்த்தாங்க!

இப்ப என் கதைக்கு வர்றேன். சுமார் இருபது வருஷத்துக்கு முன்னாலே, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு மாணவர்களை அழைச்சுக்கிட்டு ஒரு கிராமத்துக்குப் போனேன். பல் சுகாதாரம் பற்றிப் பேசச் சொன்னாங்க. மைக்கைப் பிடிச்சேன். புலவர்கள் பல்லை முத்து என்றார்கள், முல்லை அரும்பு என்றார்கள் என்று ஒரு மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல். இறங்கி வந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க: “வாத்தியாரய்யா, நல்லாப் பேசினீக. இப்ப நாங்க என்ன செய்யணும்?” (சிரிப்பு)

மறுநாள் பல் மருத்துவம் படிக்கிற ஒரு பொண்ணு வந்தது. பேச்சே கிடையாது. பிள்ளைகளை உட்கார வச்சு, பல்லிலே ஒரு சாயத்தைத் தடவுச்சு. அழுக்குப் படிஞ்ச இடமெல்லாம் சிவப்பாத் தெரியும். ஒரு பையன் கையிலே கண்ணாடியைக் கொடுத்தது. காலையிலே பல் தேய்ச்சுட்டுத்தான் வந்திருக்கான். ஆனா ஈறு ஓரமெல்லாம் ஒரே சிவப்பு! மெத்தென்ற பிரஷைக் கொடுத்து, அவன் கையைப் பிடிச்சு, ஈறும் பல்லும் சேர்கிற இடத்திலே சின்னச் சின்ன வட்டமாத் தேய்க்கக் காட்டிக் கொடுத்தது. வெளிப்பக்கம், உள்பக்கம், மெல்லுகிற பக்கம். இரண்டு நிமிஷம். பையன் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தான். சிவப்பைக் காணோம். “அம்மா, இங்க வந்து பாரு!” என்று ஓடினான். என் ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை, ஒரு சொட்டுச் சாயமும் ஒரு கைக்கண்ணாடியும் ஐந்து நிமிஷத்திலே செய்து முடித்தன! (கைதட்டல்)

கை தட்டாதீங்க. அடுத்ததைக் கேளுங்க. ஊர்ப் பிள்ளைகள் வாயைப் பார்த்த நான், என் வீட்டுப் பிள்ளை வாயைப் பார்க்கவில்லை. என் மகளுக்கு அப்போது எட்டு வயசு. கடைவாயிலே ஒரு பல் கறுத்திருக்குன்னு என் மனைவி சொன்னாங்க. “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்” என்று சொல்லிவிட்டுப் பட்டிமன்றத்துக்குப் போய்விட்டேன். ஒருநாள் நள்ளிரவிலே கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதது குழந்தை. காலையிலே டாக்டர் பார்த்தார். “சார், இது பால் பல் இல்லை. ஆறு வயசுவாக்கிலே, எந்தப் பல்லும் விழாமலேயே, வரிசைக்குக் கடைசியிலே புதுசா முளைக்கிற நிலையான பல். இது போனால் மறுபடி முளைக்காது. ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க” என்றார். எடுக்க வேண்டியதாப் போச்சு.

பல்லுக்கு இலக்கியத்திலே எத்தனை உவமை உண்டென்று சொல்லத் தெரிந்த எனக்கு, என் பிள்ளை வாயிலே எந்தப் பல் பால் பல், எது நிலையான பல் என்று தெரியவில்லை நடுவர் அவர்களே! நான் வாங்கின டாக்டர் பட்டம் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. தினமும் “பல் தேய்ச்சியா?” என்று கேட்டேன். “தேய்ச்சேம்ப்பா” என்றாள். சொன்னேன், சொன்னாள். இரண்டு பேரும் பார்க்கவில்லை!

அதிலும் காலையிலே கேட்டேனே தவிர, இரவிலே ஒருநாளும் கேட்டதில்லை. தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது குறைஞ்சுபோகும். பல்லைக் கழுவிக் காக்க ஆள் இல்லாத நேரம் அது. ராத்திரி மிட்டாயோ, சர்க்கரை போட்ட பாலோ வாயிலே தங்கினால் கிருமிக்கு விடிய விடிய விருந்து! எத்தனை சர்க்கரை தின்றோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. பாட்டு வாத்தியார் பாடிக் காட்டுகிறார். சமையலை அம்மா பக்கத்திலே நிறுத்திக் கற்றுக் கொடுக்கிறார். பல் தேய்க்கிறதை மட்டும் ‘போய்த் தேய்’ என்று குளியலறைக்கு அனுப்பிவிடுகிறோமே, இது என்ன நியாயம்?

(மணி ஒலிக்கிறது)

முடிக்கிறேன், நடுவர் அவர்களே. ஒரே ஒரு சான்று. ஸ்காட்லாந்திலே ‘சைல்ட்ஸ்மைல்’ என்று ஒரு திட்டம். மழலையர் பள்ளியிலேயே ஆசிரியர் பக்கத்திலே இருக்க, பிள்ளைகள் தினமும் ஒன்றாப் பல் தேய்க்கிறார்கள். வேறு மருத்துவ ஏற்பாடுகளும் உண்டு. அங்கே பள்ளியில் சேர்கிற ஐந்து வயதுப் பிள்ளைகளில், கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 2003-இல் நூற்றுக்கு 45 பேர். 2022-இல் நூற்றுக்கு 73 பேர்! உலகத்திலே ஏறத்தாழ 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறதென்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அத்தனை பேர் வாயையும் நாம் பார்க்க முடியாது. நம்ம வீட்டுப் பிள்ளை வாயைப் பார்க்கலாமே!

என் மகள் இப்போது ஒரு பிள்ளைக்குத் தாய். போன வாரம் போயிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்தது. கண்ணாடிக்கு முன்னாலே பேரனை நிறுத்தி, பின்னாலே நின்று அவன் தாடையைத் தாங்கித் தேய்த்துவிட்டாள். அப்புறம் தானும் தேய்த்தாள். அவளைப் பார்த்து அவனும் துப்பினான். “ஏழெட்டு வயசுவரைக்கும் நாமதான்ப்பா தேய்ச்சுவிடணும்” என்றாள். கொஞ்ச நேரம் கழிச்சு, “அந்தப் பல் போன இடத்துக்கு என் நாக்கு இன்னும் போகுதுப்பா” என்றாள். கோபமாச் சொல்லவில்லை. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாள். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

இன்றைக்கு ராத்திரி இந்த நிகழ்ச்சி முடிந்ததும், தாய்மார்களே, தந்தைமார்களே, உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு “ஆ காட்டு” என்று சொல்லுங்கள். வெளிச்சத்திலே பாருங்கள். அப்புறம் பிரஷை எடுத்து நீங்களும் கூடத் தேயுங்கள்.

பேசிக் கெடுத்த ஒரு தகப்பன், செய்து காட்டுவதே சிறந்தது என்று சாட்சி சொல்கிறேன். அப்படியே தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே என்று கேட்டு அமைகிறேன். (நீண்ட கைதட்டல்)