பிள்ளை வாய் திறக்கும்போது



ஆணிடமே ஆசை கொள்ளும் பையன்களையும், பெண்ணிடமே ஆசை கொள்ளும் பெண்களையும்பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். எனக்குக் கோபமில்லை. இதே விஷயத்தைச் சொல்லி மேடையில் சிரிக்க வைத்தவன்தான் நானும். எதிரியைக் கேலி செய்ய ஒரு கெட்ட வார்த்தையை உபயோகித்தேன், கூட்டம் கைதட்டிற்று. நமக்குக் கொடி கட்டி, நாற்காலி போட்டு உழைத்துவந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன் மறுநாள் முதல் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து வந்து, "ஐயா, எனக்கு ஆண்கள்மேல்தான் மனம் போகிறது. வீட்டில் சொல்லப் பயந்து உங்களிடம் சொல்லலாமென்றிருந்தேன். அன்று நீங்கள் பேசியதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டேன்" என்றான். நான் என்ன சமாதானம் சொல்லுவேன்?

இதை வியாதி என்பீர்களானால், உலக சுகாதார ஸ்தாபனம் 1990-லேயே வியாதிப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. குற்றமென்பீர்களானால், வெள்ளைக்காரன் 1860-ல் எழுதிவைத்த 377-வது பிரிவைக்கொண்டு, வயதுவந்தவர்கள் சம்மதித்து நடந்துகொள்வதைத் தண்டிக்கக் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டார் 2018 செப்டம்பர் 6-ல் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். இயற்கைக்கு விரோதமென்பீர்களானால், பெட்டையை விட்டுக் கிடாயையே நாடுகிற கிடாய்கள் ஆட்டு மந்தையிலும் உண்டு. அந்தக் கிடாய் எந்த சினிமாவைப் பார்த்துக் கெட்டுப்போயிற்று?

நிற்க, அந்தப் பிள்ளையின் நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூடப் படிக்கிறவர்கள் பெண்களைப்பற்றிப் பேசும்போது அவனும் பொய்யாகச் சிரிக்க வேண்டும். வீட்டிலோ, மாமன் மகள் உனக்குத்தான் என்று விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவன் திடீரென்று வந்து சொல்லிவிடுவதில்லை. பத்திரிகையில் வந்த யாரோ இரண்டு பேர் சங்கதியைச் சோற்றுத் தட்டின் முன்னால் எடுத்துப்போட்டு அப்பன் முகத்தைப் பார்க்கிறான். அப்பன், "இதுகளையெல்லாம் வெட்டிப் போடவேண்டும்" என்கிறார். பரீட்சை அங்கேயே முடிந்துபோயிற்று. தோற்றவர் அப்பன் என்பது அவருக்கே தெரியாது!

பெண்ணாயிருந்தால் இன்னும் மோசம். டெலிபோனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், அவசரக் கல்யாணம் வைப்பார்கள். 2025 மே மாதம் சென்னை ஹைகோர்ட்டில் 25 வயதுப் பெண்ணொருத்தி, தன் வீட்டார் தன்னை அடித்து, 'சரியாக' ஆவதற்கென்று சடங்குகளும் செய்யவைத்தார்கள் என்று சொன்னாள். கோர்ட்டார் அவளை அவள் இஷ்டப்படி போகவிட்டார்கள். 25 வயதுக்காரிக்கே இந்தக் கதி! சோற்றுக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் வீட்டையே நம்பியிருக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை எந்தக் கோர்ட்டுக்குப் போகும்?

படித்த பெற்றோர்களோ, மந்திரவாதிக்குப் பதிலாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பேர்தான் வேறு, வேப்பிலை ஒன்றுதான். மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் ஜஸ்டிஸ் ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள், இந்த விஷயம் தமக்கே சரியாக விளங்கவில்லையென்று ஒப்புக்கொண்டு, மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7-ல் இப்படி 'மாற்றும்' வைத்தியத்தையே தடுத்து உத்தரவிட்டார். ஹைகோர்ட் ஜட்ஜுக்கு இல்லாத வெட்கம் நமக்கு மாத்திரம் ஏன்?

அமெரிக்காவில் 2009-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், வீட்டாரால் மிகவும் வெறுக்கப்பட்ட இப்படிப்பட்ட வாலிபர்கள், அவ்வளவாக வெறுக்கப்படாதவர்களைவிட எட்டு மடங்குக்கு மேல் தற்கொலைக்கு முயன்றதாகச் சொல்லியிருந்தார்கள். ஆகவே பெற்றவர்களே, பிள்ளை சொன்னால் கை ஓங்காதீர்கள். சொன்னதற்காகச் சோறு போடாமலிருக்காதீர்கள். அவனைக் கேட்காமல் சித்தப்பனிடமும் அத்தையிடமும் சொல்லித் திரியாதீர்கள். கல்யாணம் செய்தால் சரியாகிவிடுமென்று ஊரான் வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள். என்ன சொல்லுவதென்று தெரியவில்லையானால், "சாப்பிட்டாயா?" என்றாவது கேளுங்கள்.

வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லோரிடமும் ஒரே நாளில் சொல்லியாக வேண்டுமென்று கட்டாயமில்லை. அடித்துத் துரத்துகிற வீடாயிருந்தால் சொந்தக் காலில் நிற்கும்வரை பொறுப்பது கோழைத்தனமுமல்ல. ரகசியம் காக்கிற அக்காளோ, சிநேகிதனோ ஒருவர் முதலில் போதும். மனம் மிகவும் உடைந்துபோனால் 14416 என்ற சர்க்கார் டெலிபோனில், காசில்லாமல், இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் சீட்டில் எழுதி அனுப்பலாம். பெயர் போட வேண்டியதில்லை. அந்தப் பையன் யாரென்று மாத்திரம் கேட்காதீர்கள்.