அக்காவுக்கு ஒரு பூப்போர்வை
(பெங்களூரில் நம் சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் ஸ்லோகம், சமையல், யாத்திரை என்று பேசுவார்கள். எனக்கு மூன்றிலும் பெரிய தேர்ச்சி கிடையாது. தையல் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னதும் காரியதரிசி மாமி கொஞ்சம் தயங்கினார். "மெஷின் கொண்டு வரணுமா?" என்று கேட்டார். வேண்டாம், ஒரு ஊசியும் நாலு பழைய கல்யாணப் பத்திரிகையும் போதும் என்றேன். பத்திரிகை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

என் அக்காவுக்கு 86 வயது. நான் அவளைவிட 12 வயது சின்னவள். கும்பகோணம் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அக்கா தையல் டீச்சராக இருந்தாள். அத்திம்பேர் காலமான பிறகு சில வருடங்கள் பிள்ளையிடம் இருந்தாள். ஞாபகம் தப்பத் தொடங்கியதும் இங்கே பெங்களூரில் ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன். என் பெயரை அவள் சொல்லி மாதக் கணக்காகிறது. "குளிர்றது" என்று மட்டும் அடிக்கடி சொல்வாள்.

பெங்களூர்க் குளிர் டெல்லிக் குளிர் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறோம். மார்கழி, தையில் விடியற்காலை 15, 16 டிகிரி. 1884 ஜனவரியில் 7.8 வரை இறங்கியதாகப் பதிவு இருக்கிறது. இந்தக் குளிருக்கு ரஜாயும் வேண்டாம், வெறும் புடவையும் போதாது. இல்லத்தில் கொடுத்திருந்த செயற்கை இழைக் கம்பளி அக்காவுக்குப் பிடிக்கவில்லை. உதறித் தள்ளிவிட்டுக் குளிரில் சுருண்டு படுப்பாள். வழவழவென்று நழுவுகிறது, கைக்கு ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் காரணமோ என்று எனக்குத் தோன்றியது. பழைய பருத்திப் புடவையாக இருந்தால் பிடித்துக்கொள்வாளோ என்று நினைத்தேன். அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தப் போர்வை.

நம் வீடுகளில் ஒட்டுத் துணிப் போர்வை வழக்கமில்லை. காரணம் மடிதான் என்பது என் எண்ணம். பட்டுக்கும் கம்பளிக்கும் விழுப்பு இல்லை. பருத்தியை நனைத்து உலர்த்தினால்தான் மடி. அவ்வளவு கனமான பருத்திப் போர்வையை யார் தினமும் நனைப்பது? அதனால் கம்பளியும் ஜமக்காளமும் இருந்தன, இது இல்லை. தவிர, கிழிசலைத் தைத்துப் போர்த்தினால் தரித்திரம் என்று பாட்டி சொல்வாள். அதே பாட்டிதான் பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி கூடாது, பழைய ஒன்பது கஜத்தைக் கிழித்துக் கொண்டு வா என்பாள்! கந்தை என்ற சொல்லும் வங்காளத்தில் புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும் ஒரே உறவு. கந்தைத் துணியைப் போர்த்திய யோகி பஜகோவிந்தத்திலேயே வருகிறார். ஆக, ரொம்பவும் தாழ்ந்த வஸ்து என்று சொல்வதற்கில்லை.

கர்நாடகத்தில் இது பெரிய கலை. தார்வாட், பாகல்கோட், விஜயபுரா பக்கம் கௌதி என்று பெயர். பழைய புடவை, வேஷ்டிகளை அடுக்கி நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுவிடுவார்கள். பஞ்சு கிடையாது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா பாகல்கோட் பக்கத்தவர். நான் துணியைத் துண்டு துண்டாக வெட்டுவதைப் பார்த்து, "முழுசா இருக்கறதை ஏன் வெட்டறீங்க, வெட்டினதை ஏன் மறுபடி சேர்க்கறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் ஊரில் இருக்கிற துண்டை இருக்கிறபடியே வைத்துத் தைப்பார்கள். எனக்குப் பூ வேண்டும் என்று பிடிவாதம்.

இன்னொரு வகையும் உண்டு. உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் சித்திகள் என்று ஒரு சமூகத்தினர் வசிக்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் தைப்பது கவந்தி. ஓரத்தில் ஒரு மூலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே நடுவில் வந்து முடிப்பார்கள். நாலு மூலையிலும் துணியை மடித்து மடித்து ஒரு சின்ன அடுக்கு வைப்பார்கள். அதற்குப் பெயர் 'பூல்', அதாவது பூ. பூ இல்லாவிட்டால் கவந்தி முடிந்ததாகக் கணக்கில்லை. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் பேரக் குழந்தைகளுக்கும் என்றே தைப்பார்கள். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி ட்ரூவல் இந்தப் பெண்களோடு பழகி எழுதியிருக்கிறார். 2011ல் நியூயார்க்கில் இந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைத்தார்கள். நாம் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்குகிற சரக்கு அங்கே அருங்காட்சியகத்துக்குப் போகிறது!

நான் எடுத்துக்கொண்ட பூ அறுகோணப் பூ. மேல்நாட்டில் இதைப் 'பாட்டியின் பூந்தோட்டம்' என்பார்கள். 1920, 30களில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு தைத்தது. நடுவில் ஒரு அறுகோணம், சுற்றி ஆறு. புத்தகத்தில் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நாம் வாசலில் போடும் இடைப்புள்ளிக் கோலம்தானே இது! நடுவில் 3 புள்ளி, 2ல் நிறுத்தவும் என்றால் மொத்தம் 7 புள்ளி. அதுதான் ஒரு பூ. 5ல் ஆரம்பித்து 3ல் நிறுத்தினால் 19. இரண்டு அடுக்குப் பூ. கோலம் தெரிந்தவர்களுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இப்போது கல்யாணப் பத்திரிகை. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே ஒரு அட்டை வேண்டும். பக்கம் ஒன்றரை அங்குலம் இருக்கும்படி அறுகோணமாக அட்டையை வெட்டுங்கள். அளவு துளி பிசகினாலும் பூ மூடாது. முதலில் ஒன்றைச் சரியாக வெட்டி, அதையே வைத்து மற்றதை வரையுங்கள். வெட்டியதை வைத்து அடுத்ததை வரைந்துகொண்டே போனால் கடைசி அட்டை பெருத்துவிடும். துணியைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, அட்டை மேல் மடித்துப் பெரிய தையலாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து விளிம்பில் மட்டும் சின்னச் சின்னதாகச் சுற்றித் தைக்க வேண்டும். ஊசி அட்டையில் ஏறக்கூடாது. ஏழும் சேர்ந்தபின் பெரிய தையலைப் பிரித்து அட்டையை உருவிவிடலாம். நாலைந்து தடவை பயன்படும். பத்திரிகையில் பிள்ளையார் படமும் மஞ்சள் தடவிய மூலையும் இருக்கும். அதை வெட்ட மனசு வராது. அந்தப் பக்கத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, வெறும் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் இருந்த பத்திரிகைகளுக்கு இன்னும் பத்துப் போர்வை தைக்கலாம்.

துணி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பருத்தியோடு பருத்திதான். அக்காவின் பெட்டியில் 70களில் வாங்கிய பூப்போட்ட வாயில் புடவைகள் ஐந்து இருந்தன. 2க்கு 2 ரூபியா பிளவுஸ் துண்டுகள், ஒரு கோயமுத்தூர் காட்டன். எல்லாம் நல்ல நிலை. நைலெக்ஸ் ஒன்று அழகான ரோஜாப்பூ. ஆசைப்பட்டு இஸ்திரி வைத்தேன், ஒட்டிக்கொண்டு போய்விட்டது. சாயம் போகிற துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். அப்படியும் போனால் சேர்க்காதீர்கள், வெள்ளையெல்லாம் பாழாகிவிடும்.

போர்வை 45க்கு 60 அங்குலம். பூ ஒன்று ஏறக்குறைய எட்டு அங்குலம் வந்தது. குறுக்கே 5, நெடுக்கே 7. மொத்தம் 35 பூ, 245 துண்டு. மேலே அக்காவின் சந்தன நிறப் புடவை. அதன் மேல் பூக்களை வைத்து ஓரம் தைத்தேன். அடியில் எங்கள் அம்மாவின் அரக்குச் சுங்குடி. நடுவில் இரண்டு அடுக்கு வேண்டும். அதற்கு அத்திம்பேரின் எட்டு முழ வேஷ்டி ஒன்று பெட்டியடியில் இருந்தது. இரண்டாக மடித்தால் அளவு கச்சிதம்.

இங்கேதான் வீட்டில் பேச்சு வந்தது. காலமானவருடைய வேஷ்டியை, அதுவும் அவளுக்கே போர்த்துகிற போர்வைக்குள் வைக்கலாமா என்று என் நாத்தனார் கேட்டார். சாஸ்திரம் எனக்குத் தெரியாது. வாத்தியாரிடமும் கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. அப்புறம் வேஷ்டியை நன்றாகத் துவைத்து, மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டு எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். நாத்தனாரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அவராகவே வந்து பூவுக்கு அட்டை வெட்டிக் கொடுத்தார்.

தீபாவளி முடிந்து ஆரம்பித்தேன், பொங்கலுக்கு முடித்துவிடலாம் என்று மனக்கணக்கு. தப்புக் கணக்கு. ஒரு துண்டை அட்டையில் பிடிக்கப் பத்து நிமிஷம் என்றால் 245 துண்டுக்கே 40 மணி நேரம் ஆகிறது. ஒரு பூ சேர்க்க ஒன்றரை மணி. மத்தியானம் மாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்வேன். அவரைக்காய்க் காலம் வந்ததும் எங்கள் குடியிருப்புப் பெண்கள் முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அவர்கள் ஊறின அவரைப் பருப்பைப் பிதுக்கப் பிதுக்க, நான் தைப்பேன். 74 வயதுக் கண்ணுக்கு ஊசியில் நூல் கோப்பதுதான் கஷ்டம். பக்கத்து வீட்டுக் குழந்தை பள்ளி விட்டு வந்ததும் பத்து ஊசியில் ஒரேயடியாகக் கோத்து வைத்துவிட்டுப் போகும். நூலை ஒரு முறை மெழுகுவர்த்தியில் இழுத்துக்கொண்டால் சிக்கு விழாது. நாலு அடுக்கையும் சேர்த்துப் பிடிக்கும் ஓட்டுத் தையல் மட்டும் எங்கள் வீட்டு அம்மா சொல்லிக் கொடுத்தது. ஊசியை நிமிர்த்திக் குத்தாமல், அடுக்கை இடது கையால் நெளித்து நெளித்து ஊசி மேல் ஏற்ற வேண்டும். ஒரு இழுப்பில் நாலைந்து தையல் விழும். விரலுக்கு திம்பிள் இல்லாமல் செய்யாதீர்கள், நான் பட்டுவிட்டேன். நாலு மூலைக்கும் சித்திப் பெண்களைப் பார்த்து மடிப்புப் பூ வைத்தேன். அவர்கள் கை வராது. என்னுடையது கொஞ்சம் குண்டுப் பூ.

முடிந்தபோது தை மாதம் கடைசி. சிவராத்திரிக்குக் குளிர் 'சிவ சிவா' என்று ஓடிவிடும் என்று இந்த ஊரில் சொல்வார்கள். அதிகக் குளிர் அடித்த நாட்களிலெல்லாம் அக்கா அந்த வழவழக் கம்பளியோடுதான் கிடந்தாள். அது எனக்கு இன்னும் வருத்தம்தான். பாதியில் கொண்டு போய்க் கொடுத்திருக்கலாம். அழகாக முடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்ற பெருமை விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு போனேன். ஒவ்வொரு பூவாகக் காட்டினேன். "அக்கா, இது உன் ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கட்டிண்டது. இது நவராத்திரிக்கு மன்னி வாங்கித் தந்தது." ஒன்றும் தெரியவில்லை. உள்ளே அத்திம்பேர் வேஷ்டி இருக்கிறது என்று சொன்னேன். அதற்கும் முகத்தில் ஒன்றுமில்லை. எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தனை மாதம் தைத்தது இதற்குத்தானா என்று இருந்தது.

அக்கா விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு மஞ்சள் பூவில் விரல் நின்றது. அது காய்ச்சலோடு ராத்திரியில் தைத்தது, எனக்கே தெரியும். போர்வையைக் கண்ணுக்கு அருகில் கொண்டு போனாள்.

"யார் தைச்சா இதை? பல்லு பல்லா இருக்கு."

"நான்தான் அக்கா."

"பிரி. பிரிச்சுட்டுத் தை."

ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கேட்ட அதே குரல். அப்போது நோட்டில் மாதிரித் தையல் ஒட்ட வேண்டும். அக்கா என்னுடையதை மூன்று தடவை பிரிக்க வைத்து அழவிட்டவள். என் பெயரை அன்றும் அவள் சொல்லவில்லை. கைப்பையில் சின்னக் கத்தரி இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மூன்று இதழைப் பிரித்தேன். பிரித்த நூலை அவள் விரலில் சுற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். தைத்து முடிக்கும்வரை போர்வையின் மறு ஓரத்தை விடவில்லை. இப்போது ராத்திரியில் அதைத்தான் போர்த்திக்கொள்கிறாள், உதறுவதில்லை என்று அங்கே பார்த்துக்கொள்ளும் பெண் சொன்னாள். மெஷினில் போட்டால் தாங்குமா என்றும் கேட்டாள். வலைப்பையில் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் தாங்கும் என்றேன்.

நேரமாகிவிட்டது, காப்பி வந்துவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். அளவாக வெட்டிய அட்டைகள் நாற்பது கொண்டு வந்திருக்கிறேன், வாசல் மேஜை மேல் இருக்கின்றன. வேண்டியவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். வெளியூர் உறுப்பினர்கள் பக்கம் ஒன்றரை அங்குலம் என்று குறித்துக்கொண்டால் போதும்.