போனைப் பிடுங்குறதுக்கு முன்னால...

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன கூட்டத்துல கடன் தவணை பேசி முடிச்சதும் எல்லாரும் சொன்னது ஒரே விஷயம்தான். "புள்ள போனை விட்டு எந்திரிக்க மாட்டேங்குது." 2020-ல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடினப்ப, கடனை உடனை வாங்கி நாமதான் போன் வாங்கிக் கொடுத்தோம். இப்ப திட்டுறதும் நாமதான்.

ஆனால் பிள்ளைகளும் சும்மா இல்லைங்க. அவங்களே சில வழி வச்சிருக்காங்க. எங்க குழுவில் ஒரு அக்காவோட மகள் பன்னிரண்டாம் வகுப்பு. திங்கட்கிழமை போனிலிருந்து இன்ஸ்டாகிராமை எடுத்துடும், சனிக்கிழமை சாயங்காலம் திரும்ப ஏத்திக்கும். கணக்கு அப்படியே இருக்கும், ஒண்ணும் போயிடாது. இன்னொரு பையன் படிக்கிற நேரம் போனை அரிசி டிரம்முக்குள்ள வச்சிடறான்.

ஆண்ட்ராய்டு போன்ல செட்டிங்ஸ் உள்ள 'டிஜிட்டல் வெல்பீயிங்' என்று ஒன்று இருக்கிறது. இன்னைக்கு எதை எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று அதில் தெரியும். யூடியூபுக்கு அரை மணி நேரம் என்று வச்சா, அது முடிஞ்சதும் அன்னைக்குத் திறக்காது. பிள்ளைங்க நினைச்சா அந்தக் கெடுவை எடுத்துடவும் முடியும். இருந்தாலும் தானே வச்ச கெடுவை மீறினா மனசு உறுத்தும். குழுவுல நாமளே தீர்மானம் போட்ட அபராதத்தை முணுமுணுக்காம கட்டுறோம் இல்லையா, அது மாதிரி. வாட்ஸ்அப்பை மட்டும் முழுசா நிறுத்த முடியாது. வீட்டுப்பாடம் அதுலதானே வருது, சில நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு!

நான் முக்கியமா சொல்ல வந்தது பெண் பிள்ளைங்களைப் பற்றி. பையன் நடுராத்திரி வரைக்கும் கேம் ஆடினா விட்டுடறோம். பொண்ணு போனைப் பார்த்துச் சிரிச்சா பிடுங்கி பீரோவுல வச்சிடறோம். நாளைக்கு எவனாவது அவ போட்டோவை அசிங்கமா மாத்திப் போடுவேன்னு மிரட்டினா, நம்மகிட்ட சொல்வாளா? சொன்னா போன் போயிடும், படிப்பும் நின்னுடும்னு பயப்படுவா. அந்தப் பயம்தான் மிரட்டுறவனுக்கு மூலதனம்.

அதனால, "என்ன நடந்தாலும் சொல்லு, போனைப் பிடுங்க மாட்டேன்" என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். சொன்னபடி நடக்கவும் வேணும். மிரட்டி வந்த மெசேஜை அழிக்கக் கூடாது, புகாருக்கு அதுதான் சாட்சி. குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றங்களுக்கு 1930. இரண்டும் இலவசம்தான். வீட்டுக் காலண்டர்ல பெரிசா எழுதி வைங்க, பையன் கண்ணுலயும் படட்டும்.