கைரேகையும் சம்மதமும்

(வேலப்பன்சாவடியில், சுற்றுப்புற ஊராட்சியினரும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை.)



வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்கலாகாது என்பது நம் முன்னோர் பட்டுணர்ந்து சொன்ன புத்தி. எழுதாத பத்திரத்தில் ரேகை பதித்துவிட்டு நிலத்தை இழந்து நின்ற குடும்பங்களின் கதையை நம்மில் கேளாதவர் யார்? இன்று அந்தத் தாளின் இடத்தில் ஒரு சிறு கருவி வந்திருக்கிறது. ரேஷன் கடையில் அதன்மேல் விரலை வைக்கிறோம். அல்லது கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை எதிரே இருப்பவரிடம் சொல்லிவிடுகிறோம். எதற்குச் சம்மதித்தோம் என்பதை நாம் அறிவோமா? இதுவே இன்று ஆராய வேண்டிய விஷயம்.

நடந்த ஒன்றைச் சொல்லுவோம். 2017-ஆம் ஆண்டில் சிம் கார்டை ஆதாருடன் சரிபார்க்க மக்கள் கடைகளுக்குச் சென்றனர். அவ்வாறு சென்ற ஏர்டெல் வாடிக்கையாளர் பலருக்கு, அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்கே மானியம் போய்ச்சேரும் என்பது ஏற்பாடு. ஆகவே சமையல் எரிவாயு மானியம் பழைய கணக்கை விட்டுப் புதுக் கணக்குக்குப் போயிற்று. பணம் வரவில்லையே என்று அலைந்த பிறகே உண்மை தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆதார் ஆணையம், ஆதார் வழியே வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் அனுமதியை அந்நிறுவனத்துக்கு நிறுத்திவைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இதில் கருவி பிழை செய்யவில்லை. விரல் ஒன்று, சம்மதம் இரண்டு என்று ஆக்கியதே பிழை. சிம் கார்டுக்கு ஒரு கேள்வி, வங்கிக் கணக்குக்கு வேறொரு கேள்வி என்று தனித்தனியே கேட்டிருந்தால், ‘இது வேண்டும், அது வேண்டாம்’ என்று எழுத்தறியாதவரும் சொல்லியிருப்பார்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டத்தில் 8-ஆம் பிரிவு, சரிபார்ப்பவர் முதலில் சம்மதம் பெற வேண்டும் என்கிறது. என்ன விவரம் பெறப்படும், அது எதற்குப் பயன்படும், கொடுக்க விரும்பாதவருக்கு மாற்று வழி யாது என்பவற்றையும் அவர் சொல்லியாக வேண்டும். இம்மூன்றாவதை எந்தக் கடையிலேனும் யாரேனும் சொல்லக் கேட்டதுண்டா? வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் ஆதாரைக் கட்டாயமாக்குதல் செல்லாது என 2018 செப்டம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. சம்மத அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். கொடுத்த சம்மதத்தை, கொடுத்த அளவு எளிதாகவே திரும்பப் பெறவும் வழி இருத்தல் வேண்டும் என்கிறது. இக்கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருவன.

ஆனால் ஒரு சங்கடத்தை மறைக்கலாகாது. அரசு மானியத்துக்கும் உதவிக்கும் ஆதாரைக் கேட்க 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. அரிசி வாங்க வந்தவரிடம் ‘சம்மதமா?’ என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? மறுக்க இயலாத இடத்தில் விளக்கிச் சொல்லும் கடமை குறைவதன்று, இரட்டிப்பாவது.

நாங்களும் தவறியிருக்கிறோம். முன்பு ஒரு முகாமில், அந்திக்குள் இத்தனை பேரை முடித்தாக வேண்டுமென்ற அவசரத்தில், ‘எண்ணைச் சொல்லுங்கள், அடுத்தவர் வாருங்கள்’ என்று வரிசையை நகர்த்தினோம். ஒரு மூதாட்டி எண்ணைச் சொல்லாமல், “இது எதுக்கு ஐயா?” என்றார். திரையில் இருந்தது ஆங்கிலம். எழுத்தோ எறும்பினும் சிறிது. அதைப் படித்துப் பார்க்காமலே அதுவரை பலருக்குச் சரிக்குறி இட்டிருந்தோம். அன்று அவருக்கு உடனே மறுமொழி சொல்ல நம்மால் இயலவில்லை.

2025-இல் உழவர் தனி அடையாள எண்ணுக்காக நம் மாநிலத்தில் பதிவு முகாம்கள் நடந்தன. ஆதாரோடு நிலவிவரமும் அதில் சேருகிறது. இத்தகைய இடத்தில் திரை எப்படி இருத்தல் வேண்டும்? யார் கேட்கிறார், எதற்கு, எத்தனை நாளைக்கு என்பது பெரிய தமிழ் எழுத்தில் நாலு வரியில் இருக்கட்டும். சரிக்குறி முன்கூட்டியே இடப்பட்டிருக்கலாகாது. ‘வேண்டாம்’ என்னும் பொத்தான் ‘சரி’ என்பதன் அளவே இருக்கட்டும். படிக்க இயலாதவருக்கு உரக்கப் படித்துக் காட்டி, அதன் பின்னரே ஓ.டி.பி. எண்ணைக் கேட்க வேண்டும். ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகலாம், ஆகட்டும்.

சாவடியில் தங்கிய வழிப்போக்கன் சொன்ன ஊரும் பேரும் அன்றிரவோடு போயின. கணினியில் சொல்வது நிற்கும். ஆகவே சில ஏற்பாடுகளை இன்றே தெரிந்துகொள்ளுங்கள். 1947 என்ற எண்ணில் ஆதார் ஆணையத்தை இலவசமாக அழைக்கலாம். கைரேகையைப் பூட்டிவைக்கவும், ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கவும் அவர்களிடம் வசதி உண்டு. நகல் கொடுக்க நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். ‘ரேகை பதியவில்லை, இன்னொரு முறை வையுங்கள்’ என்று பணம் கொடுப்பவர் சொன்னால், முதல் முறை என்ன ஆயிற்று என்று கேட்டு, ரசீதைப் பார்த்த பிறகே வையுங்கள்.

அடுத்த முகாமுக்கு முன்பாக அந்த நாலு வரியையும் ஒரு பலகையில் எழுதி, கிராம சபையில் படிக்கப்போகிறோம். விளங்காத சொல் இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். மாற்றி எழுதிய பிறகே முகாமைத் திறப்போம்.