கட்டி சுருங்கும் முன்பே காட்டும் காந்தம்

(தக்கலையில் நடந்த முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உன் வேலையைப் பற்றிப் பேசு" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிகளைச் சரிபார்க்கும் பொறியாளன். டாக்டர் இல்லை. அதனால் வைத்தியத்தைப் பற்றி அல்ல, அளவீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

புற்றுநோய் என்றதும் நம் பக்கத்திலிருந்து பலரும் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போவது உங்களுக்குத் தெரியும். கதிர்வீச்சுச் சிகிச்சையை ஊரில் "கரண்டு வைக்கிறது" என்பார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறக்குறைய ஐந்து வாரம் கரண்டு வைப்பார்கள். அப்படிப் போய்வந்த என் அத்தை ஒருநாள் கேட்டார்: "மக்களே, நீ மெஷின் பாக்கிறவன்தானே? பாதி கரண்டு வச்சாச்சு. கட்டி கேக்குதா, கேக்கலியா?"

அதை டாக்டர்தான் சொல்லணும் என்றேன். ஆனால் டாக்டருக்கும் அது லேசான கேள்வி அல்ல. கட்டி கேட்கவில்லை என்று பாதியிலேயே தெரிந்தால் வேறு வழி யோசிக்கலாம். முடிந்தபின் தெரிந்தால், உடம்பு பட்ட பாடு பட்டதுதான்.

பழைய முறை, கட்டியின் அளவைப் பார்ப்பது. 2000-இல் வந்த ரெசிஸ்ட் விதிப்படி, கட்டிகளின் நீளக் கூட்டல் 30 சதவீதமாவது குறைந்தால்தான் "ஓரளவு பலன்". ஆனால் செத்த செல்களை உடம்பு அப்புறப்படுத்தி, கட்டி சுருங்குவதற்கு வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். மூளைக் கட்டியில் இன்னொரு சங்கடம். சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதத்தில், பலன் கிடைத்தவருக்கும்கூடக் கட்டி பெருத்ததுபோலப் படத்தில் தெரியலாம்.

இங்கேதான் எம்.ஆர்.ஐ. வருகிறது. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதால் கதிர்வீச்சு என்ற சொல்லே நமக்குக் கொஞ்சம் பயம். எம்.ஆர்.ஐ.யில் அந்த வகைக் கதிர்வீச்சு கிடையாது. காந்தமும் ரேடியோ அலையும்தான். 1.5 டெஸ்லா காந்தத்தில் நம் உடம்பு நீரின் ஹைட்ரஜன், சுமார் 64 மெகாஹெர்ட்ஸில் பேசும். எஃப்.எம். நிலையங்களுக்குச் சற்றுக் கீழே!

அந்த நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்றும் அளக்கலாம். 1965-இல் ஸ்டெஸ்கால், டானர் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். குமாரகோவில் திருக்கல்யாணக் கூட்டத்தில் நடந்து பார்த்திருப்பீர்கள். ஓரடி வைக்க இரண்டடி ஒதுங்கணும். செல்கள் நெருக்கியடிக்கும் கட்டிக்குள் நீரின் கதியும் அதுவே. கரண்டு பலித்து, செல்களின் சவ்வு உடைந்தால் கூட்டம் கலைந்த மாதிரி. நீர் தாராளமாக அசையும். இந்த அசைவைச் சொல்லும் எண்ணுக்கு ஏ.டி.சி. என்று பெயர். கட்டி சுருங்கும் முன்பே இந்த எண் ஏறத் தொடங்கலாம்.

2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் மூளைக் கட்டியுள்ள 20 பேரிடம் இதைச் சோதித்தார்கள். சிகிச்சை தொடங்கி 3 வாரத்தில் எடுத்த படத்தைக் கொண்டே, பின்னால் அளவில் தெரியவரும் பலனை முன்கூட்டிச் சொல்ல முடிந்தது.

நம் நாட்டிலும் எம்.ஆர்.ஐ. பார்த்துச் சிகிச்சையைத் திருத்துகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனையும் பங்கேற்ற எம்பிரேஸ் ஆய்வில், வெளிக் கதிர்வீச்சுக்குப் பின் மிச்சமுள்ள கட்டியை எம்.ஆர்.ஐ.யில் பார்த்து, அதன் உருவத்துக்கு ஏற்ப உள்ளே வைக்கும் கதிர்வீச்சை அமைத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயாளிகள் 1,341 பேரின் கணக்கு 2021-இல் வெளியானது. ஐந்து ஆண்டில் 92 சதவீதம் பேருக்கு நோய் அந்த இடத்தில் கட்டுக்குள் இருந்தது. இது உருவத்தை வைத்துச் செய்தது, ஏ.டி.சி. எண்ணை வைத்து அல்ல.

அந்த எண்ணை மட்டும் நம்பிச் சிகிச்சையை மாற்றுவது இன்றும் வழக்கமில்லை. காரணத்தில் பாதி நம் தொழிலைச் சேர்ந்தது. ஒரே ஆளை ஒரே கருவியில் இரண்டு தடவை எடுத்தாலும் எண் கொஞ்சம் மாறும். மூளையில் ஏறக்குறைய 11 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் அதை மெய்யான மாற்றம் என்று நம்பலாம். கல்லீரலில் 26 சதவீதம் வேண்டும்; அங்கே மூச்சு விடும்போதெல்லாம் உறுப்பு நகர்கிறதே!

கருவியின் நேர்மையைச் சோதிக்க என்ன வைக்கிறோம் தெரியுமா? ஐஸ் தண்ணீர்! பூஜ்யம் டிகிரியில் நீரின் அசைவு எண் 1.1 (நொடிக்கு, சதுர மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). அது தக்கலையிலும் 1.1, அமெரிக்காவிலும் 1.1. கருவி வேறு எண் காட்டினால் கோளாறு கருவியில். அந்தக் கருவியை நம்பி ஒரு நோயாளியிடம் "கட்டி கேக்குது" என்று சொல்லக்கூடாது.

தம்பி தங்கைகளே, லேப்பில் "எரர்" கணக்குப் போடச் சொன்னால் நாமெல்லாம் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதியவர்கள்தான்! ஆனால் அந்தக் கணக்கின் மறுமுனையில் ஒரு குடும்பம் பதிலுக்குக் காத்திருக்கும். பெங்களூரு வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனம் 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கி 2023-இல் வெளிக்கொண்டு வந்தது. இத்துறைக்கு எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் என்று எல்லாப் பிரிவுக்காரர்களும் வேணும். வாருங்கள்.