‘ஒன்றுமில்லை’ என்றால் வலி இல்லை என்று அர்த்தமா?

(மாதர் பிரிவின் தோட்டத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, காணி என்று நாம் பேசாத கூட்டம் இல்லை. இன்று பேசப்போவது அந்த வரிசையில் சேராத விஷயம்போல் தோன்றும். வைத்தியரிடம் போய், எல்லாப் பரிசோதனையும் செய்து, “ஒன்றுமில்லை” என்ற பதிலோடு வீடு திரும்பி, அதே வலியோடு மறுநாள் பெரட்டுக்கு நிற்பவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அப்படி ஒருவராவது இல்லாத லயம் இருந்தால் கை தூக்குங்கள் பார்ப்போம்.

எங்கள் மாதர் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டவரும் அவர்தான், கதையைச் சொல்லுங்கள் என்று சொன்னவரும் அவர்தான். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்த உடம்பு. முதலில் கழுத்தும் தோளும் வலித்தன. பிறகு தலை கிறுகிறுத்தது, வயிறு ஊதியது, நெஞ்சு படபடத்தது, ராத்திரியில் உள்ளங்கால் எரிந்தது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் கொடுத்தார்கள். அரசாங்க வைத்தியசாலையில் இரத்தம், எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வைத்தியர் தாளைப் பார்த்தபடியே “முகுத் நே” என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

அக்காவுக்கு அது எப்படிக் கேட்டது தெரியுமா? “எனக்கு வலியே இல்லேன்னு சொல்லிட்டாங்க.” பிறகு நகையை அடகு வைத்து டவுனில் தனியாரிடம் போனார். அங்கே ஒரு ஸ்கேன். அடுத்த மாதம் வேறொரு வைத்தியர், வேறொரு ஸ்கேன். போன நாளெல்லாம் பேர் விழவில்லை. ஒரு நாள் பாதியில் மலையை விட்டு இறங்கியதற்கு அரைப் பேர்தான் போட்டார்கள். அதைக் கேட்கப்போன இடத்தில் கங்காணி சொன்ன வார்த்தை: “எல்லாம் நடிப்பு. டாக்டரே ஒண்ணுமில்லேன்னுட்டாரு.” அந்த இடத்தில் நாங்களும் இருந்தோம். நாங்களும் வாய் திறக்கவில்லை. உள்ளுக்குள் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்தத் தவறை ஒத்துக்கொண்டுதான் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.

வைத்தியர் சொன்ன ‘ஒன்றுமில்லை’க்கு உண்மையில் என்ன அர்த்தம்? “நான் தேடிய ஆபத்தான நோய்கள் இந்தப் பரிசோதனைகளில் தெரியவில்லை” என்பதுதான். அது நல்ல செய்தி. ஆனால் வலி பொய் என்று அந்தத் தாளில் எங்கும் எழுதியிருக்காது. வலியை அளக்கிற இரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை.

இது நம் மலையகத்துக்கு மட்டும் வந்த பிரச்சினையும் இல்லை. அமெரிக்காவில் 1989இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 1000 வெளிநோயாளர்களின் 3 வருடப் பதிவுகளைப் பார்த்தார்கள். நெஞ்சுவலி, களைப்பு, தலைச்சுற்று, தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மை என்று எல்லாருக்கும் வரக்கூடிய 14 அறிகுறிகளை எடுத்துக்கொண்டார்கள். உடல்நோய் ஒன்றைக் காரணமாகக் காட்ட முடிந்தது 16 சதவீதத்துக்குத்தான். எல்லா வசதியும் உள்ள நாட்டில் நிலைமை இது. ஆகவே காரணம் தெரியாத வலியோடு இருப்பவர் அபூர்வமானவரும் இல்லை, கள்ளம் செய்பவரும் இல்லை.

அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? பின்னால் அக்காவைப் பார்த்த ஒரு வைத்தியர் சொன்ன விளக்கத்தையே சொல்கிறோம். பெக்டரி சங்கு வேலை நேரத்துக்கு ஊத வேண்டும், பிறகு நிற்க வேண்டும். அதன் சுவிட்ச் பழுதானால் வேலை முடிந்த பிறகும் ஊதிக்கொண்டே இருக்கும். காதைப் பொத்தினாலும் கேட்கிற சத்தம் நிஜமான சத்தம்தான். நீண்ட காலம் வலிபட்ட உடம்பில் நரம்புகளும் மூளையும் அப்படி ஆகிவிடலாம். சின்னத் தொடுதலும் பெரிய வலியாகத் தெரியும். தூக்கம் கெட்டால் அது கூடும். கடன், பயம், துக்கம் இருந்தால் இன்னும் கூடும். தலையில் கயிறு மாட்டிச் சுமக்கிற கூடைப் பாரமும் அதில் சேரும். “உடம்பா, மனசா என்று பிரிக்க வேண்டாம் அம்மா, இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன” என்றாராம் அவர்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் களைப்பையும் “மனக்கவலை” என்று ஒதுக்கவும் கூடாது. நம் பெண்களின் அசதிக்கும் தலைச்சுற்றுக்கும் பல சமயம் இரத்தச்சோகை காரணம். தைரொய்ட், நீரிழிவு, பிரஷர் இருக்கலாம். அவற்றைப் பார்த்த பிறகுதான் ‘காரணம் தெரியவில்லை’ என்ற பேச்சு வர வேண்டும். பார்த்து முடித்த பிறகு அதே ஸ்கேனை மூன்றாம் தரம் எடுப்பதால் வலி குறையாது, கடன்தான் ஏறும்.

சரி, வைத்தியருக்கும் நமக்கும் நடுவில் எங்கே கோளாறு?

முதல் கோளாறு நேரம். அமெரிக்காவில் 1984இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடியில் வைத்தியர் குறுக்கிட்டார் என்று கண்டார்கள். விட்டால் நோயாளி அரை நாள் பேசுவார் என்பது வைத்தியர்களின் பயம். அது சரியா என்று சுவிட்சர்லாந்தில் 2002இல் வெளியான ஆய்வில் பார்த்தார்கள். 335 நோயாளர்களைக் குறுக்கிடாமல் பேசவிட்டார்கள். சராசரியாக 92 விநாடியில் அவர்களே பேசி முடித்தார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இரண்டு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. நாம் கேட்பது அந்த இரண்டு நிமிடத்தைத்தான்.

இரண்டாவது கோளாறு மொழி. நம்மிடம் வலிக்கு எத்தனை சொல் இருக்கிறது! உளைச்சல், குத்தல், காந்தல், கிறுகிறுப்பு, மேலெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி, பூச்சி ஊர்ற மாதிரி. தமிழ் தெரியாத வைத்தியர் முன்னால் உட்கார்ந்ததும் இத்தனையும் ஒரே சொல்லாகிவிடுகிறது: “ரிதெனவா.” குத்தலுக்கும் ரிதெனவா, எரிச்சலுக்கும் ரிதெனவா. கேட்கிறவர் எப்படி நோயைப் பிரித்து அறிவார்?

அக்கா சிங்களம் தெரிந்த தன் பன்னிரண்டு வயது மகனைக் கூட்டிப்போனார். மாதவிடாய்க் கோளாறை மகன் வாயால் எப்படிச் சொல்வது? வீட்டில் குடித்துவிட்டு நடக்கிற சண்டையை எப்படிச் சொல்வது? இரண்டையும் விழுங்கிவிட்டுக் கழுத்துவலியை மட்டும் சொன்னார். வைத்தியரும் கழுத்துக்கு மட்டும் மருந்து எழுதினார்.

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி ஆக்கியது. அடுத்த வருடம் 16ஆவது திருத்தமும் வந்தது. சட்டப் புத்தகத்தில் இருக்கிற மொழி வைத்தியரின் மேசைவரை வந்து சேர வேண்டும். தமிழ் தெரிந்த தாதியோ ஊழியரோ ஒருவர் அந்த மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

மூன்றாவது கோளாறு, சொல்லாமல் விடுவது. இரண்டு பக்கத்திலும் இது நடக்கிறது. “மனசு” என்றாலே பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள் என்று நாம் பயப்படுகிறோம். எதையாவது தவறவிட்டுவிடுவோமோ என்று வைத்தியரும் பயப்படுகிறார். அதனால் பேசுவதற்குப் பதிலாக இன்னொரு மாத்திரை எழுதுகிறார். வரிசையில் நூறு பேர் நிற்கிறார்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டை விட்டே போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களும் வேலைப்பளுவில் நசுங்குகிற தொழிலாளர்கள்தான். அவர்களோடு சண்டை பிடிப்பது நமது நோக்கம் இல்லை.

பேச்சால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். நம் நாட்டிலேயே அதைப் பார்த்திருக்கிறார்கள். மனநல வைத்தியர் அத்துல சுமதிபாலவும் அவருடன் இருந்தவர்களும் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. காரணம் தெரியாத பல அறிகுறிகளோடு இருந்த 150 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற சாதாரண வைத்தியர்கள், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவுகிற பேச்சுச் சிகிச்சை கொடுத்தார்கள். மற்றக் குழுவுக்கு அந்தச் சிகிச்சை இல்லை, ஒழுங்குபடுத்திய சந்திப்பும் கவனிப்பும் மட்டும். இரண்டு குழுவும் தேறின. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. வழக்கமான ஓ.பி.டி. கவனிப்போடு ஒப்பிடாததால் இதை வைத்து எல்லாவற்றையும் முடிவுகட்ட முடியாது என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். எங்களுக்குப் புரிகிற பாடம் இதுதான்: ஒழுங்காகச் சந்தித்து, ஒழுங்காகக் கவனிப்பதைப் பெரிய ஆஸ்பத்திரிதான் செய்ய வேண்டும் என்றில்லை.

இனி, நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, போகுமுன் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளைக் கொண்டு எழுதுங்கள். எப்போது தொடங்கியது? எதைச் செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது? இதனால் எந்த வேலையைச் செய்ய முடியவில்லை? நமக்கு இருக்கிற பெரிய பயம் என்ன? அந்தப் பயத்தை வெளியில் சொல்லுங்கள். “என் அம்மா புற்றுநோயில் செத்தாங்க, எனக்கும் அதுவோன்னு பயமா இருக்கு” என்று சொன்னால்தான் வைத்தியர் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

இரண்டாவது, மிகவும் வதைக்கிற ஒன்றை முதலில் சொல்லுங்கள். கதவுக்குப் போன பிறகு திரும்பி நின்று சொல்லாதீர்கள்.

மூன்றாவது, குடிக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கடையில் வாங்கிய வலி மாத்திரையும் நாட்டு மருந்தும் அதில் இருக்க வேண்டும். வலி மாத்திரைகளைக் கணக்கில்லாமல் குடித்தால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

நான்காவது, எழும்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எது இல்லை என்று நிச்சயம்? என்னவாக இருக்கலாம்? திரும்ப எப்போது வரவேண்டும்?

ஐந்தாவது, முடிந்தவரை ஒரே வைத்தியரிடம், குறித்த திகதியில் போங்கள். வலி கூடிய நாளில் மட்டும் புதியவரிடம் ஓடினால் ஒவ்வொரு தடவையும் கதை முதலிலிருந்து தொடங்கும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கைகால் விழுவது, பேச்சுக் குழறுவது என்றால் உடனே 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காரணமில்லாமல் உடம்பு மெலிவது, மலத்திலோ சளியிலோ இரத்தம், விடாத காய்ச்சல், மாதவிடாய் நின்ற பிறகு இரத்தப்போக்கு என்றால் தள்ளிப்போடாமல் வைத்தியரிடம் போக வேண்டும், முன்பு “ஒன்றுமில்லை” என்று சொல்லியிருந்தாலும் போக வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கத்துக்குப் பேசுங்கள். பக்கத்து வீட்டில் அப்படி யாராவது சொன்னால் அவர்களைத் தனியே விடாதீர்கள்.

வைத்தியர்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் கேளுங்கள். “ஒன்றுமில்லை” என்பதற்குப் பதிலாக, “ஆபத்தான நோய் எதுவும் தெரியவில்லை, உங்கள் வலி உண்மைதான், குறைப்பதற்கு இதைச் செய்து பார்ப்போம்” என்று சொல்லுங்கள்.

நிர்வாகத்திடமும் சுகாதார அதிகாரிகளிடமும் சங்கம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் மூன்று. கிளினிக் துண்டு கொண்டுவருபவரின் பேரை வெட்டக்கூடாது. வெளிநோயாளர் பிரிவில் தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும், பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கும் நிலை முடிய வேண்டும். கழுத்தையும் முதுகையும் உடைக்கிற சுமையைப் பற்றி நிர்வாகம் நம்மோடு உட்கார்ந்து பேச வேண்டும். இந்த மூன்றையும் இன்றைய தீர்மானமாக எடுக்கும்படி முன்மொழிகிறோம்.

கடைசியாக நமக்கு நாமே ஒரு தீர்மானம். ‘நடிப்பு’ என்ற சொல்லை எந்தத் தலைவரும் தலைவியும் இனி ஒரு நோயாளியைப் பார்த்துச் சொல்லக்கூடாது, சொல்பவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவும் கூடாது.

அந்த அக்கா இப்போது மாதம் ஒரு தடவை ஒரே வைத்தியரைப் பார்க்கிறார். தமிழ் தெரிந்த தாதி ஒருவர் பக்கத்தில் இருக்கிறார். மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். வலி முற்றாகப் போகவில்லை. ராத்திரி தூக்கம் வருகிறது, கிறுகிறுப்புக் குறைந்திருக்கிறது, புது ஸ்கேனுக்குக் கடன் வாங்கவில்லை. அடகு வைத்த நகை மட்டும் இன்னும் திரும்பவில்லை. அன்று அவருக்காகப் பேசாமல் நின்றதற்கு, இந்தக் கூட்டத்தின் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.